கட் சொன்ன பிறகு

ஜூலை 9

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதையெல்லாம் அம்மாவின் கடிதத்தில் படித்துக்கொள். எனக்கு நேரமில்லை. உறைக்குள் பஞ்சு சுற்றி ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன், கிழிக்கும்போது பார்த்துக் கிழி. அதில் இருப்பது என் உயிர்.

விஷயம் இதுதான். எங்கள் வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு குழுவும் சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, அதற்கு ஒரு வீடியோவும் எடுத்துத் தர வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு வந்த தலைப்பு 'பரிவு'. பக்கத்துக் குழுவுக்கு 'மின்சார சிக்கனம்'. பாவம், ஒரு வாரமாகப் பல்பைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

டைரக்டர் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்? பாடியது தொண்டை. அவள் மெதுவாகப் பேசினாலே இரண்டு மாடிக்குக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். கேமரா முக்காலி. நிற்கச் சொன்ன இடத்தில் ஸ்டாண்டு மாதிரி நிற்பாள், அதனால் அந்தப் பெயர். கதாநாயகி மகாராணி, அவள் அழகுக்கு வேறு யாரையும் போட முடியாது. ஐந்தாவதாக நத்தை. அவளை எந்தக் குழுவும் எடுக்கவில்லை, கம்ப்யூட்டர் சார் எங்கள் தலையில் கட்டிவிட்டார். நடப்பதும் மெதுவாக, பேசுவதும் மெதுவாக. வருகைப் பதிவில் அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அவளுக்கும் ஒரு வேடம் கண்டுபிடித்தேன். ஒரு பெண் சேற்றில் விழுகிறாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே போகிறார்கள். மகாராணி மட்டும் திரும்பி வந்து கை கொடுத்துத் தூக்குகிறாள். அங்கே பல்லவி வருகிறது:

விழுந்தால் என்ன தோழி,
என் விரலைப் பிடித்துக்கொள்.

நானே எழுதினேன். எப்படி?

நீ லீவுக்கு வந்தபோது சொன்னதை மறக்கவில்லை. "கட் சொன்னதும் கேமராவை அணைக்காதீங்கடி, கொஞ்ச நேரம் ஓடட்டும், அப்பதான் வெட்டி ஒட்ட இடம் கிடைக்கும்" என்றாயே. முக்காலி அப்படியே செய்திருக்கிறாள். நீ கல்யாண வீடியோக்களை எப்படி மின்ன வைப்பாயோ அப்படி இதையும் மின்ன வைத்துக் கொடு. முதல் பரிசு வாங்கும் வீடியோவை ஆண்டு விழாவில் பெரிய திரையில் போடுவார்கள். அப்பா, அம்மா இருவரும் வருகிறார்கள். நான் எதையும் ஆரம்பிப்பேன், எதையும் முடிக்க மாட்டேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த வாயை ஒரு தடவையாவது அடைக்க வேண்டும்.

வார்டன் அறைக்கு ஃபோன் பண்ணாதே. அங்கே நாம் பேசினால் வார்டனின் காதும் சேர்ந்து கேட்கும். எழுது.

உன் டைரக்டர்


ஜூலை 15

அடி டைரக்டர்,

கார்டு வந்தது. பார்த்தேன். மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பார்த்தது என் தப்பு. டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தில் சேறு என்றுதானே எழுதியிருந்தாய்? அது சேறு இல்லை. உங்கள் மெஸ்ஸுக்குப் பின்னால் தட்டு கழுவுகிற தண்ணீர் வந்து தேங்கும் பள்ளம். நானும் அதே விடுதியில் படித்தவள்தான். எண்ணெய்ப் படலமும், சோப்பு நுரையும், யாரோ மென்று துப்பியதும் மிதக்கிற இடம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதைத் தாண்டிப் போவோம். அதில் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்ப விழ வைத்திருக்கிறாய்.

உன் குரல் தெளிவாகக் கேட்கிறது. "முகம் படலடி, முகம் படற மாதிரி விழு." அடுத்ததில், "இப்ப ரொம்ப வேகமா விழுந்துட்டே, மெதுவா." அதற்கடுத்ததில் தொண்டை சிரித்ததால் மறுபடி. பிறகு மகாராணியின் முடி காற்றில் கலைந்ததால் மறுபடி. மகாராணி கன்னத்தைச் சொறிந்ததற்கெல்லாம் அந்தப் பெண் போய்ச் சாக்கடையில் விழுந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, உன் பக்கம் திரும்பி, "சரியா வந்துச்சா?" என்று கேட்கிறாள். நீங்கள் எல்லோரும் கேமராவின் குட்டித் திரையில் மகாராணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இது போகட்டும். மகாராணி அவளைத் தொடவே இல்லை. "ச்சீ, நாத்தம், நான் மாட்டேன்பா" என்று குனிந்து நிற்பதோடு சரி. கையை மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துத் தனியாக எடுத்திருக்கிறீர்கள். கோணல் சுண்டுவிரல் உள்ள கை. கதவிடுக்கில் நசுங்கிய அந்த விரலுக்கு ஒரு மாதம் கட்டுப் போட்டுவிட்டவள் நான், அது உன் கை என்று எனக்குத் தெரியாதா?

அந்தக் கை நன்றாகத்தான் தூக்குகிறது. கட் என்று நீயே சொல்கிறாய். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. உடனே அந்தக் கை அவள் தோளிலேயே, அவள் சட்டையிலேயே தேய்த்துத் துடைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே அழுக்கான சட்டைதானே என்று நினைத்திருப்பாய். அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? நனையாத பக்கத்தை உனக்குத் திருப்பிக் காட்டுகிறாள். 'இங்கே துடைச்சுக்கோ' என்று.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாய்கூடப் பாட்டுப் போட்டு வீடியோ எடுக்கவில்லை. எனக்குக் குமட்டுகிறது. இதை நான் வெட்டித் தர மாட்டேன்.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

உன்னிடம் வேலை கேட்டேன், தீர்ப்புக் கேட்கவில்லை.

யாரும் அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அவளிடம் வேடத்தைச் சொன்னபோது எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று நீ பார்த்திருக்க வேண்டும். "எனக்கா? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் முதலில் பார்த்து வைத்திருந்தோம். வெயிலில் அது காய்ந்துவிட்டால் நான் என்ன செய்ய, வானத்தைப் பிழிவதா? "மெஸ் பின்னாடி ஈரமா இருக்கு" என்று சொன்னதே அவள்தான்.

எல்லாம் முடிந்ததும் குளிக்க என் சோப்பைத்தான் கொடுத்தேன். அதை நீ வீடியோவில் பார்த்திருக்க முடியாது. நடிப்பு என்றால் பத்துத் தடவை விழத்தான் வேண்டும். கையைத் துடைத்தது ஒரு குற்றமா? நாற்றம் அடித்தது, துடைத்தேன். யாராக இருந்தாலும் துடைப்பார்கள். நீயும் துடைப்பாய்.

அப்புறம், நீ மட்டும் என்ன யோக்கியம்? மணப்பெண் அழுதால் வெட்டுகிறாய். மாமனார் கத்தினால் சத்தத்தை எடுத்துவிட்டு வீணை போடுகிறாய். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை எங்கேயோ எப்போதோ தும்முவதற்கு முன்னால் பல்லைக் காட்டினால் அதை எடுத்து நடுவில் ஒட்டுகிறாய். நீயே சொல்லிச் சொல்லிச் சிரித்ததுதானே? சம்பளத்துக்குச் செய்தால் தொழில், நான் செய்தால் சாக்கடையா? ஊருக்குத்தான் உபதேசம்.

கார்டைத் திருப்பி அனுப்பு. கம்ப்யூட்டர் சார் வெட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். அவருக்குக் குமட்டவில்லை.

நான்


ஜூலை 25

கார்டு இதோடு இருக்கிறது. நீ எடுத்த எதையும் நான் அழிக்கவில்லை.

அழுத பெண்ணை வெட்டுவது உண்மைதான். என் முதலாளி முதுகுக்குப் பின்னால் நின்று "அந்தம்மா அழறத தூக்கும்மா, பார்ட்டி பாத்தா வருத்தப்படும்" என்பார், நானும் தூக்குவேன். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது அந்த நாளே ஊசிப்போன மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த நாற்றம் எனக்கு உடனே தெரிந்தது. உனக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். ஒவ்வொரு டேக்கிலும் நீ கட் சொன்ன பிறகு ஓடிய துண்டுகளை மட்டும் வரிசையாக ஒட்டி, கார்டில் கடைசியில் வைத்திருக்கிறேன். பாட்டு இல்லை, மின்னல் இல்லை. பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம்.

சோப்புக் கொடுத்தாயாம். பெரிய மனசு.


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

இரண்டு வாரமாக உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுவதற்கு வேறு ஆள் இல்லை.

எங்கள் வீடியோவுக்கு முதல் பரிசு. கம்ப்யூட்டர் சார் அழகாக வெட்டியிருந்தார். எல்லாவற்றையும் நிதானமான ஓட்டத்தில் போட்டு, தண்ணீர்த் துளி தெறிப்பதை வெள்ளிமணி மாதிரி காட்டியிருந்தார். நத்தை விழும்போது தொண்டை மேலே இழுத்துப் பாடுகிறாள், பிறகு கை வருகிறது, திரை முழுக்க என் கைதான். சார் அதற்கு மேல் தங்க நிறத்தில் ஒரு ஒளி வேறு போட்டிருந்தார். கைதட்டல் நிற்கவே இல்லை. அப்பா எழுந்து நின்று தட்டினார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "அந்தக் கை யாருது தெரியுதா? என் சின்னவ. கைவிரலப் பாருங்க, கோணலா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைக் கேட்டு ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்தார்கள், காக்கிச் சட்டையோடு. பேருந்தில் நடத்துநர் வேலையாம், பணி முடிந்து உடை மாற்ற நேரமில்லாமல் அப்படியே வந்திருக்கிறார்கள். நத்தையின் அம்மா.

நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கையாலும். "எம்பொண்ணு ஒவ்வொரு லெட்டர்லயும் எழுதுவா, எனக்கும் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கம்மான்னு. நான் நம்பலம்மா. சும்மா எனக்காக எழுதறான்னு நெனச்சேன். இன்னிக்குக் கண்ணால பாத்துட்டேன்" என்று சொல்லி என் கையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நத்தை பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தெரியும் அக்கா, அந்தக் கை என்ன செய்தது என்று. ஆனாலும் அவள், "இவதாம்மா டைரக்டர்" என்று பெருமையாகச் சொன்னாள்.

நம் அம்மா எனக்கு இனிப்பு ஊட்டினாள். அப்பா, "பாத்தியா, கொணத்துல எம்பொண்ணு யாருக்கும் சளைச்சவ இல்ல" என்றார். எனக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மறுநாள் கணினி அறையில் யாரும் இல்லாதபோது நீ ஒட்டி வைத்ததைப் பார்த்தேன். முதலில் சத்தம் இல்லாமல் பார்த்தேன். பிறகு சத்தத்தோடு. என் குரலா அது? மளிகைக் கடையில் தக்காளி பொறுக்குகிற மாதிரி பேசுகிறேன். "இது வேணாம், இன்னொண்ணு விழு." நான் தோளில் துடைக்கிறேன், அவள் திருப்பிக் காட்டுகிறாள், நான் அந்தப் பக்கமும் துடைக்கிறேன். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடி துடைக்கிற துணியை யாராவது பார்ப்பார்களா? அப்படி அவள் முகத்தைப் பார்க்காமலே துடைக்கிறேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கைப் பிடித்து வைத்துவிட்டு எல்லோரும் கும்பிடுகிறார்கள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அந்தக் கையால் சாப்பிடுவதற்கே அருவருப்பாக இருக்கிறது. கரண்டியால் சாப்பிடுகிறேன், மெஸ்ஸில் எல்லோரும் துரைசானி என்று கிண்டல் பண்ணுகிறார்கள்.

நீ சொல். நான் என்ன செய்யட்டும்?

நான்


ஆகஸ்ட் 17

அடி பைத்தியமே,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. உனக்காக அல்ல, அவர்களுக்காக.

முதலில் கரண்டியைக் கீழே போடு. உன் கை சுத்தமாக இருக்கிறதா என்று நீ கவலைப்பட்டதில்தானே இவ்வளவும் நடந்தது? இன்னும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறாய்.

அவளிடம் போய் அழாதே. நீ அழுதால் அவள் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அந்தப் பெண்ணின் சுபாவத்துக்குக் கட்டாயம் சொல்லுவாள், உன் கண்ணைத் துடைக்கத் தன் சட்டையையே கொடுத்தாலும் கொடுப்பாள். அந்த வேலையையும் அவள் தலையில் கட்டாதே.

நேராக உன் கம்ப்யூட்டர் சாரிடம் போ. நான் ஒட்டியதைப் போட்டுக் காட்டு. பரிசு வேண்டாம் என்று சொல். பளிச்சென்று சொல்லிவிட்டால் பளிச்சென்று முடிந்துவிடும். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

பளிச்சென்று முடியும் என்றாய். ஒன்றும் முடியவில்லை.

சாரிடம் போட்டுக் காட்டினேன். நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே பார்த்தார். முடிந்ததும், "கேமராவ அணைக்கக்கூடத் தெரியல உங்களுக்கு. இதையெல்லாம் யாருக்கும் காட்டாதே, பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு நல்ல செய்தி என்று சொன்னார். எங்கள் வீடியோவைப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு அனுப்பப் போகிறார்களாம். படத்தில் தெளிவு போதாதாம். நல்ல கேமரா வாடகைக்கு எடுத்து முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டுமாம்.

"மறுபடி அவள விழ வைக்கக் கூடாது சார்" என்றேன்.

"அவளே ரெடி. உனக்கு என்ன வந்துச்சு?"

"அப்ப நான் வரல சார்."

"சரி, வேணாம். மகாராணி பாத்துப்பா. கைதானே, எந்தக் கையா இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அக்கா, அந்த ஆளின் வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எவ்வளவு வெறுப்பாக இருந்தது தெரியுமா? பாதி வெறுப்பு அவர் மேல். மீதி, அவர் பேசியது ஜூலை மாதத்தில் நான் பேசியதுதான் என்பதால். தொண்டையும் முக்காலியும் இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். பேர் வாங்கியாயிற்று, இனி நல்லவள் வேஷம் போடுகிறாள் என்று மகாராணி சொல்லித் திரிகிறாளாம்.

நேற்றுச் சாயந்திரம் நத்தையே என்னைத் தேடி வந்தாள். துணி காயப்போடும் இடத்தில் நின்றிருந்தேன். சட்டைக் கையை மேலே தூக்கி முழங்கையைக் காட்டினாள். முழுக்கச் சிராய்ப்பு, காய்ந்தும் காயாமலும்.

"என்னடி இது?" என்றேன்.

"விழுந்து பழகினேன். பாத்ரூம் பின்னாடி, தெனமும். இப்ப நல்லா விழ வருது. முகம் படுற மாதிரியும் வருது. இந்தத் தடவ ஒரே டேக்ல முடிச்சிடலாம், யாருக்கும் சிரமம் இல்ல." மூச்சு வாங்காமல் சொன்னாள். அவள் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம்.

"வேணாம். நீ விழவே வேணாம். நான் சார்கிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. "நீதான் சொன்னியா? அதான் சார் கேட்டாரா, உனக்கு வலிக்குதான்னு? நான் வலிக்கலன்னு சொல்லிட்டேன்."

"ஏன் பொய் சொன்னே?"

"நீ எனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே." அவள் கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை. கோபத்திலும் மெதுவாகத்தான் பேசினாள். "நான் விழலேன்னா என்னை யாரு கூப்பிடுவாங்க? நீ கூப்பிடுவியா?"

"கூப்பிடுவேன்" என்றேன்.

"எதுக்கு?"

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே விடுதி, ஒரே வகுப்பு. எதற்காக இவளைக் கூப்பிடுவேன் என்று தேடித் தேடிப் பார்த்தேன். விளையாட்டுக்கா? அவள் ஓட மாட்டாள். படிக்கவா, அரட்டைக்கா? ஒன்றுகூட என் நாக்கில் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. கொடியில் தொங்கிய ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்று, நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. "சரி, நான் போறேன். லேட்டா போனா எடம் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை இறக்கிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனாள். அவள் எப்போதும் தனியாகத்தான் சாப்பிடுவாள், கதவோரத்துப் பெஞ்சில்.

நாளைக்குக் காலை ஷூட்டிங். நான் போகப்போவதில்லை. அவள் போவாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

மணி அடித்த அந்த நேரத்தில், "இரு, நானும் வரேன், சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, அக்கா. இப்போதுதான் தோன்றுகிறது.